வலது முன்சக்கரம்

பூம் பள்ளத்தாக்கில் காரில் தொடங்கிய இரைச்சல், கோச்கோர் ஊரை எட்டும்போது பக்கத்தில் பேசுவதைக்கூடக் கேட்கவிடவில்லை. சாலையோரம் கண்ணில் பட்ட முதல் பட்டறையில் எர்மெக் காரை நிறுத்தினான். பின் இருக்கையில் அவன் மகள் துமார், நான்கு வயது, காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பட்டறைக்காரர் ஷைலோ வலது முன்பக்கத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினார். ஒரு கையைச் சுருள்வில்லின் மேல் வைத்தபடி மறு கையால் சக்கரத்தைச் சுழற்றினார்.

"பேரிங் போச்சு தம்பி. உள்ள மணலா அரைக்குது. இதோட டோலோன் கணவாய் ஏறினா, உனக்கு முன்னாடி சக்கரம் நரின் போய்ச் சேந்துடும்."

"எப்ப முடியும்ணே?"

"முன்னால மூணு வண்டி நிக்குது. நாளைக்கு மத்தியானம்."

நாளைக்கு மத்தியானம். அப்படியானால் ஒரு ராத்திரி கூடுதல். எர்மெக் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மனைவி பனிக்காலத்தில் இறந்தாள். நாற்பதாம் நாள் விருந்தில் பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அண்ணன் மெடெருக்குப் பிள்ளை இல்லை. தம்பி வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. "நீ என்ன சொல்ற?" என்று அவனிடமும் கேட்டார்கள். அவன் தட்டில் இருந்த இறைச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் உள்ளங்கைகளால் முகத்தைத் தடவிப் பிரார்த்தனையை முடித்தார்கள். இன்று மாலை துமார் அண்ணன் ஊரான நரினில் இருக்க வேண்டும். நாளை முதல் மெடெர் அவளுக்கு அப்பா. எர்மெக் சித்தப்பா.

பட்டறையை ஒட்டி சம்சா விற்கும் குல்புபு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கடி போறீங்க, பட்டுக்குட்டி?"

"பெரியப்பா வீட்டுக்கு. அங்கயே இருக்கப் போறேன். எனக்குத் தனிக் கட்டில் வாங்கியிருக்காங்க."

"அம்மா வரலையா?"

"அம்மா செத்துப்போயிட்டாங்க."

குல்புபு நிமிர்ந்து ஷைலோவைப் பார்த்தாள். ஷைலோ கையிலிருந்த அடுத்தவன் சக்கரத்தைக் கீழே வைத்தார்.

"உன் வண்டிய முதல்ல உள்ள ஏத்தறேன், தம்பி."

"வேண்டாம்ணே. மத்தவங்க காத்திருக்காங்க" என்றான் எர்மெக்.

"யாரு, இவங்களா? வீட்டுக்குப் போனா பொண்டாட்டி வேலை சொல்லுவான்னு இங்க வந்து உக்காந்திருக்கானுங்க."

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் இந்தக் காருக்கான பேரிங் ஷைலோவிடம் இல்லை. பாலிக்சி நகரிலிருந்து வரவேண்டும், சரக்கு வண்டி இன்று வந்து போய்விட்டது. எர்மெக் மெல்ல மூச்சுவிட்டான்.

"அதே மாதிரி வண்டிதான் எனக்கும்" என்று எழுந்தார் காத்திருந்தவர்களில் ஒருவரான தலாய், உருளைக்கிழங்கு வியாபாரி. தன் வண்டி இருக்கைக்கு அடியிலிருந்து பிரிக்காத பேரிங் பெட்டியை எடுத்தார். "பிஷ்கெக்ல வாங்கினது. போட்டுக்க தம்பி."

"உங்க வேலை கெட்டுடும்ணே."

"கிழங்கு என்ன அழவா போவுது? நீ பிள்ளைய இருட்டறதுக்குள்ள கொண்டுபோய்ச் சேரு."

ஷைலோ புது பேரிங்கைக் குல்புபுவின் ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைத்தார். குளிர்ந்தால் இரும்பு சுருங்கும், சுலபமாக இறங்கும். அதை வைக்க இடமில்லையென்று குல்புபு ஒரு ஐஸ்கிரீமை எடுத்துத் துமாரிடம் கொடுத்தாள்.

பழைய பேரிங்கின் வெளிவளையம் துருவேறிச் சக்கரக் கூட்டோடு ஒட்டியிருந்தது. பிரஸ்ஸில் வைத்து அழுத்தினார்கள். அசையவில்லை. சுத்தியலால் அடித்தார்கள். தலாயும் வந்து பிரஸ் கைப்பிடியில் மாட்டிய இரும்புக்குழாயைப் பிடித்துத் தொங்கினார். எர்மெக் தன் கையைப் பார்த்தான். குழாயைப் பிடித்திருந்தது, அழுத்தவில்லை.

"வராதாண்ணே?"

"வராம எங்க போகும்?"

"இல்ல, இன்னிக்கு முடியலன்னா பரவால்ல. இங்கயே எங்கயாவது படுத்துக்கறோம். நான்..."

ஷைலோ அவன் தோளைத் தட்டினார்.

"மனசு விடாதே தம்பி. உன்னை இன்னிக்கு அனுப்பாம நான் சோறு திங்க மாட்டேன்."

வளையத்தின் உட்புறம் சுற்றிலும் வெல்டிங் கோடு இழுத்தார். அது ஆறிச் சுருங்கியது. ஒரே தட்டு. வளையம் தரையில் விழுந்து உருண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். துமாரும் தட்டினாள்.

நான்கு மணிக்கு வேலை முடிந்தது.

"புதுசாச்சே, மெதுவாப் போகணுமாண்ணே?"

"அது என்ன புதுப்பொண்ணா? நூறுல போ."

ஷைலோ சாலையில் இறங்கி, கைகாட்டி, ஒரு லாரியை நிறுத்தி எர்மெக்கின் காரை நரின் பக்கம் திருப்பிவிட்டார்.

எர்மெக் நாற்பதில் போனான். கண்ணில் பட்ட இடமெல்லாம் தண்ணீர் குடிக்க நிறுத்தினான். கார் சத்தமே இல்லாமல் ஓடியது. துமார் தொடர்ந்து பேசிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. கட்டில் சன்னல் பக்கமா, சுவர் பக்கமா? அங்கே நாய் உண்டா? அப்பா எங்கே படுப்பார்?

"அப்பா நம்ம ஊர்ல வேலைக்குப் போகணும்டா."

"அப்ப நான் உனக்கு எடம் வைக்கறேன். வேலை முடிஞ்சு வந்துடு."

கணவாய் உச்சியில் மெடெரின் ஜீப் விளக்குப் போட்டபடி நின்றது. மெடெர் ஓடிவந்து தம்பியைக் கட்டிக்கொண்டார்.

"பேரிங் போச்சுன்னு போன்ல சொன்னதுலேர்ந்து உக்கார முடியலடா. அண்ணி கெளம்பு கெளம்புன்னு விரட்டிட்டா. பிள்ளைய என் வண்டியில ஏத்திக்கறேன்."

"வண்டி நல்லா ஆயிடுச்சுண்ணே. சத்தமே இல்ல."

"இருந்தாலும் இந்த இறக்கத்துல நான் அதை நம்ப மாட்டேன். குழந்தை விஷயம்."

நரினுக்கு இன்னும் ஐம்பத்தைந்து கிலோமீட்டர் இருந்தது. எர்மெக் பின்கதவைத் திறந்தான். மெடெர் தன் கம்பளிக்கோட்டைக் கழற்றித் துமாரைச் சுற்றித் தூக்கினார். அவள் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, பின்னாடியே வா."

"வரேன்" என்றான். மெடெரும் அதே நேரத்தில், "வருவான், வருவான்" என்றார்.

ஜீப் முதல் வளைவில் திரும்பியது. எர்மெக் சாவியைத் திருகினான். கார் உடனே கிளம்பியது.