வாய் நிறைய கேரமல்

மாநிலத் தலைநகர் ஹெலினாவுக்குப் போகும் வேனில் கொலீன் ஆளுக்கு ஒரு கேரமல் மிட்டாயைக் கையில் திணித்தாள். பியூட் ஊரில் எங்கள் குடிநோய் மறுவாழ்வு இல்லத்தை நடத்துபவள் அவள், சமைப்பவள் நான். மாநில அரசு தரும் மானியத்தை நிறுத்துவதா என்று செனட் குழு அன்று முடிவு செய்ய இருந்தது. நிறுத்தினால், பனி உருகும்போது இல்லத்துக்குப் பூட்டுதான்.

மிட்டாய்க்குக் காரணம் உண்டு. குடிநோயாளிகள் கூடும் எந்த ஊர்க் கூட்டத்திலும் ஒருவர் எழுந்து, இன்னார் என்று பெயர் சொல்லி, குடிநோயாளி என்றும் சொன்னால், மற்றவர்கள் கோரஸாக வணக்கம் சொல்வோம். போன வருடம் செனட் குழு முன்னாலும் சொல்லிவிட்டோம். தலைவர் சுத்தியலைத் தட்டி எங்களை வெளியே அனுப்பிவிட்டார். இந்த முறை எங்கள் சார்பில் பேச வேண்டியவள் வெர்னா.

"வெர்னா பேசி முடிக்கிற வரைக்கும் மென்னுக்கிட்டே இருங்கடி. எவளாவது வாயத் திறந்தீங்க, நடந்தே பியூட்டுக்கு வரணும்," என்றாள் கொலீன்.

குழு கூடியதும் முதலில் அதன் உறுப்பினர் செனட்டர் ஆமண்ட்சன் பேசினார். குடியை விடுவதற்கு மன உறுதி போதும், அதற்கு எதற்கு வரிப்பணம் என்று கேட்டார். குழுவில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். பேசி முடித்ததும் அவர் காகிதங்களுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டார்.

வெர்னா மைக் முன்னால் உட்கார்ந்தாள். சுரங்க லாரி ஓட்டிய கையால் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். எழுதி வந்தது மறந்துபோய், பழக்கத்தில் ஆரம்பித்தாள்.

"என் பேரு வெர்னா. நான் குடிநோயாளி."

நாங்கள் மென்றோம். குழுவில் ஒருவர் மட்டும் தலை நிமிராமல், மைக்கிலேயே பதில் சொன்னார்.

"வணக்கம், வெர்னா."

ஆமண்ட்சன். அவர் காது சிவந்தது. ஒரு நிருபர் பேனாவை எடுத்தார்.

வெர்னா மட்டும் அசரவில்லை. "நன்றி சார். காலையிலருந்து இந்தக் கட்டடத்துல எனக்கு வணக்கம் சொன்ன மொத ஆளு நீங்கதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நிருபர் பேனாவை மூடினார். வெர்னா நான்கு முறை குடியை விட்டு, நான்கு முறையும் மறுபடி குடித்ததையும், ஐந்தாம் முறை எங்கள் இல்லத்தில் ஒரு கட்டில் காலியாக இருந்ததையும் சொல்லி எழுந்தாள்.

வாக்கு சமமாக நின்றது. கடைசி ஆள் ஆமண்ட்சன். கண்ணாடியைத் துடைத்தார், மாட்டினார், மறுபடி துடைத்தார்.

"உறுதி வர்ற வரைக்கும் படுக்க ஒரு எடம் வேணும்தான். மானியத்துக்கு ஆதரவு."

வெளியே தாழ்வாரத்தில் அவர் வெர்னாவை ஓரமாக அழைத்து ஏதோ கேட்டார். அவள் ஏதோ சொன்னாள். அவர் மரியாதையாகத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

வேன் கிளம்பியதும் கொலீன் திரும்பினாள். "என்னடி கேட்டாரு? அவரும் நம்ம ஆளா?"

வெர்னா தின்னாமல் வைத்திருந்த தன் கேரமலைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டாள். பியூட் வரும் வரை மென்றுகொண்டே இருந்தாள்.