நாலு கறுப்புப் புள்ளிகள்

நான் செய்த கம்ப்யூட்டர் விளையாட்டில் வரும் பேய்க்கு முகம் கிடையாது. பதினாறு புள்ளி உயரம், எட்டுப் புள்ளி அகலம்; அதற்குள் முகத்துக்கு எங்கே போவது? தலை, தோள், இடுப்பில் ஊன்றிய கை, அவ்வளவுதான். விளையாடுகிறவர்களே அதற்கு ஒரு முகத்தைப் போட்டுக்கொள்கிறார்கள். ஒருத்தி அது தன் பள்ளிக்கூட வாத்தியார் என்று எழுதியிருந்தாள். இன்னொருவன் தன் மேனேஜர் என்றான். கோடிகளைக் கொட்டிச் செய்யும் விளையாட்டுகளில் பேயின் பல்லிடுக்கு ரத்தம் வரை தெரியும். பார்த்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போகலாம், அது யார் வீட்டுப் பேயோ. கட்டமும் புள்ளியுமாக வருவது நம் வீட்டுப் பேய்.

பகலில் நான் மருந்துப் பாட்டில்களுக்கு லேபிள் அச்சடிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறேன். அறைக்குத் திரும்பியதும் புள்ளி வைக்க உட்கார்ந்துவிடுவேன். இரண்டு வருடம் அப்படி வைத்த புள்ளிகள்தான் இந்த விளையாட்டு. ஒரு வீடு, நீளமான ஒரு நடைவழி, வரிசையாகக் கதவுகள். எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்லை. அது இருந்த இடத்தில் நாலு கறுப்புப் புள்ளிகள் மட்டும். யார் வேண்டுமானாலும் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டேன். காசு வாங்கினால், பேயைக் கொஞ்சம் அழகாக்கு என்று ஒருவன் வந்து நிற்பான். சும்மா கொடுக்கிறவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், போன சனிக்கிழமை சாயங்காலம் பெரியப்பா என் அறை வாசலில் வந்து நிற்கும்வரை. அவருக்குப் பின்னால் அம்மா.

அப்பா போன பிறகு நானும் அம்மாவும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம்; அம்மா இன்னும் அங்கேதான் இருக்கிறாள். சோறு போட்டார், படிக்க வைத்தார், மறுக்கவில்லை. ஆனால் நான் கதவைச் சாத்திக்கொண்டு படம் வரைகிறேன் என்று ஒருநாள் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து, வீட்டிலிருந்த எல்லாத் தாழ்ப்பாளையும் கழற்றினார். குளியலறையையும் விடவில்லை. அம்மா குளிக்கும்போது நான் காவல், நான் குளிக்கும்போது அம்மா. நினைத்த நேரத்தில் கதவைத் திறந்து, இடுப்பில் கை ஊன்றி நிற்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். வரைந்ததை எடுத்துக் கிழித்துவிட்டுப் போவார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அடங்க வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.

"அதை எடுத்துடு," என்றார்.

"எதை?"

"தெரியாத மாதிரி கேக்காத. எம் பையன், உங்க அண்ணன், நம்ம வீட்டு டிவில போட்டு விளையாடிட்டிருந்தான். யார் செஞ்சதுன்னு அவனுக்குத் தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. என்னைப் பேயாக்கி ஊருக்கே காட்டிட்டிருக்க."

"அதுக்கு மூஞ்சியே இல்லையே பெரியப்பா. நீங்கதான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அந்தக் கதவுல இருக்கற ஓட்டை..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். இத்தனை வருடமாக, அப்படி எதுவும் நடக்கவே இல்லை என்று சாதித்து வந்த மனிதர். எனக்கு மனசு குளிர்ந்தது.

அவர் குரல் இறங்கியது. "எவ்வளவு வேணும்னு சொல்லு. குடுத்துடறேன்."

"சும்மா குடுத்ததை எப்படி விலைக்கு வாங்குவீங்க? எத்தனையோ பேர் எடுத்து அவங்கவங்க கம்ப்யூட்டர்ல வச்சிருக்காங்க. வீடு வீடாப் போய்க் கேப்பீங்களா?"

"நன்றி கெட்டவ."

"சோறு போட்டதுக்கு நன்றி. அதை எப்ப வேணா சொல்றேன். விளையாட்டை எடுக்க மாட்டேன்."

அவர் அம்மாவைப் பார்த்தார். கூட்டி வந்ததே அதற்குத்தான். அம்மா அழுதால் நான் கரைந்துவிடுவேன் என்பது அவர் போட்ட கணக்கு. கணக்கு சரிதான். அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் அன்றே எல்லாவற்றையும் அழித்திருப்பேன்.

விளையாட்டு திறந்திருந்த கம்ப்யூட்டருக்கு முன்னால், என் நாற்காலியில் அம்மா போய் உட்கார்ந்தாள். "இதை எப்படி நடக்க வைக்கிறது?"

அம்புக்குறி போட்ட பொத்தான்களைக் காட்டினேன். திரையில், பேயிடமிருந்து தப்ப வேண்டிய சின்னப் பெண்ணுருவம் தட்டுத்தடுமாறி நடைவழியில் நகர்ந்தது. அம்மா ஒவ்வொரு கதவாக நின்று பார்த்தாள். நாங்கள் படுத்திருந்த அறையின் கதவு வந்ததும் திரையைத் தொட்டு, அந்த நாலு புள்ளிகளைத் தடவினாள்.

"நீ தூங்கினப்புறம் தினமும் இந்தக் கதவுக்கு நாற்காலியை முட்டுக் குடுத்து வைப்பேன். விடியறதுக்குள்ள எடுத்துடுவேன். நீ அதைப் போடலையே."

"எனக்குத் தெரியாதும்மா."

"இப்பத் தெரிஞ்சுதுல்ல. போடு."

"போதும், எழுந்திரு. கிளம்பலாம்," என்றார் பெரியப்பா. வாசலில்தான் நின்றிருந்தார், இடுப்பில் கை ஊன்றி.

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீங்க போங்க. நான் இன்னும் முடிக்கல."

அவர் திரும்பினார். பிறகு படிக்கட்டில் செருப்புச் சத்தம் இறங்கிப் போனது.

"போயிட்டாரா?" என்று அம்மா கேட்டாள்.

"போயிட்டார்."

"தாழ்ப்பாளைப் போட்டுட்டு வா."

என் கதவில் மேலே ஒன்று, கீழே ஒன்று உண்டு. இரண்டையும் போட்டேன்.