போல்க்குக்காக நட்ட கம்பம்

கம்பம் பாதி எழும்பிவிட்டது. இனி நிறுத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும் என்கிற நேரத்தில்தான் மீலி உச்சியைப் பார்த்தாள்.

பட்டையை உரித்துவிட்டால் எல்லா மரமும் வெள்ளைதான். ஆனால் உச்சியில் ஒரு கொத்து இலையை விட்டுவைப்பார்கள். அந்தக் கொத்தில் காம்புகள் ஜோடி ஜோடியாக, நேருக்கு நேர் முளைத்திருந்தன. ஹிக்கரி மரத்தில் அப்படி வராது. ஒன்று இந்தப் பக்கம் என்றால் அடுத்தது கொஞ்சம் மேலே தள்ளி அந்தப் பக்கம் இருக்கும். இது ஹிக்கரியே இல்லை. ஆஷ் மரம்.

இந்த 1844 அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் நிற்கும் போல்க்கின் ஆட்கள் ஊருக்கு ஊர் நடுவது தங்கள் அடையாளமான ஹிக்கரிக் கம்பம். எதிரணியில் நிற்கும் கிளேயின் ஆட்கள் நடுவது ஆஷ் கம்பம். இன்றைக்குப் போல்க்கின் சொந்த மாவட்டத்தில், மீலியின் அப்பா ஹார்டி யார்பரோ முன்னின்று நடத்த, அறுபது பேர் கயிறு பிடித்து எதிராளியின் மரத்தைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நேற்று மழையில் நனைந்துகொண்டே, "இதுதான், வெட்டு" என்று அந்த மரத்தைக் கைகாட்டியவள் மீலி.

வேண்டுமென்றே செய்தாள் என்றுதான் அப்பா நினைப்பார். நினைக்காமல் என்ன செய்வார்? போன வாரம் சாப்பிடும்போது எல்லார் காதிலும் விழ அவள் சொல்லியிருந்தாள், போல்க் தோற்றால் நல்லது என்று. அண்ணன் ஆன்சலை நினைத்துத்தான் சொன்னாள். போல்க் ஜெயித்தால், மெக்சிகோவிடமிருந்து பிரிந்த டெக்சாஸ் நம் நாட்டோடு சேரும். அப்போது மெக்சிகோ சும்மா இருக்காது. சண்டை என்று வந்தால் முதல் ஆளாகப் பெயர் கொடுப்பேன், அங்கேயே நிலம் பிடிப்பேன் என்று ஆன்சல் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான்.

அவன் வடக்குப் பக்கக் கயிற்றில் நின்றான். மீலி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா, மேல பாரு."

"கயிறு புடிச்சிருக்கேன், தெரியல? தள்ளிப் போ."

"இலையப் பாரு."

பார்த்தான். முதலில் வாய் பிளந்தது. அப்புறம் தோள் குலுங்கியது.

"அடிப்பாவி. கிளேக்குல்ல கம்பம் நட்டுட்டு இருக்கோம்."

"சிரிக்காதண்ணா. அப்பா என்னைத் தொலச்சுடுவாரு."

"வாய மூடிக்கிட்டு நில்லு. அப்பாவுக்குத் தூரத்துப் பார்வை மட்டு. வேற எவன் அண்ணாந்து பாக்கப் போறான்?"

பார்க்க ஓர் ஆள் இருந்தார். சாலைக்கு அந்தப் பக்கம் டாலிவர் கிரென்ஷா குதிரைமேல் உட்கார்ந்திருந்தார். கிளே கட்சி. 'யாருப்பா இந்த போல்க்?' என்று கேட்டுக் கேட்டே ஊரைச் சிரிக்கவைப்பவர். அவர் தொப்பியைப் பின்னால் தள்ளி உச்சியை உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் வாயிலிருந்து அப்பா கேட்கக் கூடாது. மீலி நேராக அப்பாவிடம் நடந்தாள்.

"அப்பா, அது ஆஷ். நான்தான் காட்டுனேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

ஹார்டி கண்ணைச் சுருக்கி மேலே பார்த்தார். அதற்குள் சாலைக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வெடித்தது.

"ஹார்டி, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலப்பா. அடுத்த வாரம் நாங்க பண்ண வேண்டிய வேலை."

அப்பா திரும்பவில்லை. "இறக்குங்க" என்றார்.

கூட்டம் முணுமுணுத்தது. "எதுக்குண்ணே? உச்சிய மட்டும் சீவிட்டா யாருக்குத் தெரியும்?" என்று ஒருவன் கேட்டான்.

"எனக்குத் தெரியும். நம்ம போல்க் பதினேழு வயசுல, பிராந்திய மட்டும் குடிச்சுட்டு, மூத்திரப்பையில இருந்த கல்ல அறுத்து எடுங்கன்னு படுத்தவரு. கவர்னர் தேர்தல்ல ரெண்டு தடவ தோத்தாரு. கதை முடிஞ்சுதுன்னு நாமளே சொன்னோம். இன்னைக்கு எங்க நிக்கிறாரு பாரு. ஒரு மரத்த இறக்கி இன்னொண்ண ஏத்த நமக்கு வலிக்குதா?"

கயிறுகள் தளர்ந்தன. கம்பம் புல்மேல் படுத்தது. அப்புறம்தான் அப்பா சாலைப் பக்கம் திரும்பினார்.

"சிரிச்சு முடிச்சாச்சா டாலிவர்? பட்டை உரிச்சு, இழைச்சு, தயாரா கெடக்கு. நீயே எடுத்துக்க. பதிலுக்கு உன் மாடுங்களக் கொஞ்சம் அனுப்பு. எனக்கு ஹிக்கரி இழுக்கணும்."

"போல்க் ஆளு இழைச்ச கம்பத்துல நான் கிளே கொடியக் கட்டவா?"

"மரம் வந்து ஓட்டா போடப் போவுது?"

கிரென்ஷா தாடையைத் தடவி, தலையாட்டினார். பிறகு மாடுகள் வந்தன. அவருடைய அடிமை ஈசா ஓட்டி வந்தான். யார் ஜெயிக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை. கிரென்ஷா டெக்சாஸில் பருத்தி நிலம் வாங்கினால் அவனையும் அங்கே ஓட்டிப்போவார். அப்போதும் அவனைக் கேட்க மாட்டார்கள்.

இந்தத் தடவை தாழ்ந்த கிளையில் ஒவ்வொரு காம்பையும் மீலி விரலால் தொட்டுப் பார்த்த பிறகே கோடாரி விழுந்தது. சூரியன் சாய்வதற்குள் புதுக் கம்பம் நிமிர்ந்துவிட்டது. கூட்டம் போட்ட கூச்சலில் கிரென்ஷாவின் குதிரை மிரண்டது. ஆன்சல் கொடியோடு உச்சிவரை ஏறி, அங்கிருந்து கத்தினான்.

"மீலி, இங்கருந்து டெக்சாஸே தெரியுது. என் நெலம் அந்தா இருக்கு."

ஆன்சல் மூன்று அண்ணன்மாருக்குப் பிறகு பிறந்தவன். அப்பாவின் மலைச் சரிவில் அவனுக்கென்று ஒரு கொத்து மண் மிஞ்சாது. இவ்வளவு சந்தோஷமாக அவனை மீலி பார்த்ததே இல்லை.

அப்பா வண்டியின் பின்பலகையில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் பாதி சோள ரொட்டி இருந்தது. பிட்டுக் கொடுத்தார்.

"நெஜமா தெரியாமதான் காட்டுனியா?"

"நெஜமாப்பா."

"சரி." மென்றார். "உனக்கு ஓட்டு இருந்தா யாருக்குப் போடுவ?"

இப்படி ஒரு கேள்வியை அவளிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. அவளுக்குத் தெரிந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டதில்லை. அப்பா விளையாட்டுக்குக் கேட்கவில்லை, பதிலுக்காகக் காத்திருந்தார். அவளுக்கு முகம் சூடானது.

போல்க் தோற்றால் அண்ணன் இங்கேயே இருப்பான், மண் இல்லாமல். ஜெயித்தால் சண்டைக்குப் போவான், அந்தச் சந்தோஷ முகத்தோடு.

மீலி வாயைத் திறந்தாள். யார் பெயரைச் சொல்வது?