மடிப்புக் கலையாத சட்டை

கத்திரி வெயிலில், உச்சி வேளையில், சோழவரத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அந்த நேரத்தில் நாய்கூட நிழலை விட்டு நகராது. மாப்பிள்ளை சுப்பராயன் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! டெரிலின் சட்டை, டெரிலின் பேண்ட், மேலே இரவல் கோட்டு, கழுத்தில் டை, காலில் நைலான் சாக்ஸோடு பூட்ஸ். ஊட்டிக்குப் புறப்பட்டவர் தப்பித் தவறித் திருவள்ளூரில் இறங்கிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

எனக்கு இருபத்தாறு வயது. மூன்று வரன்கள் தட்டிப் போயிருந்தன. இதுவும் போனால் அம்மா படுத்துவிடுவாள்.

"எம் புள்ள சட்டைக்கு இஸ்திரியே வேணாம். தொவச்சி ஒதறினா அப்புடியே நிக்கும்" என்றாள் மாப்பிள்ளையின் தாய் தாயாரம்மாள்.

சட்டை நின்றது. பிள்ளைதான் காபித் தம்ளரோடு சரிந்து விழுந்தான்.

"ஐயோ, வலிப்பு! சாவி எட்துனு வாங்க!" என்று தாயாரம்மாள் அலறினாள். எங்கள் பெட்டிச் சாவி, பக்கத்து வீட்டுச் சாவி எல்லாவற்றையும் அவன் கையில் திணித்தார்கள். சுற்றி நின்று, வந்த கொஞ்சக் காற்றையும் மறித்தார்கள். கோட்டைக் கழற்றத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் காக்களூர் தொழிற்பேட்டையில் பாத்திரப் பட்டறையில் வேலை செய்பவள். உலை அனலில் சுருண்டு விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். தொட்டுப் பார்த்தேன், உடம்பு கொதித்தது. கோட்டையும் டையையும் உருவிவிட்டுச் சட்டைப் பொத்தான்களை அவிழ்த்தேன். உள்ளே ஒரே வேர்வை. அந்த உசத்தித் துணி ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. அப்பாவின் பழைய நூல் வேட்டியைத் தண்ணீரில் முக்கிப் போர்த்தி, விசிறினேன்.

"இன்னாடி இது! தாலி ஏறதுக்கு முன்ன ஆம்பள சட்டையக் கயட்ற?" என்றாள் தாயாரம்மாள்.

"ஒங்களுக்குப் புள்ள வேணுமா, சட்ட வேணுமா?"

கால் மணி நேரத்தில் சுப்பராயன் கண் திறந்தான். "அம்மா, ஜில்லுனு கீது" என்று வேட்டியைப் பிடித்துக்கொண்டான். வெயில் தாழ்ந்ததும் அதையே கட்டிக்கொண்டு பஸ் ஏறினான். டெரிலின் சட்டை மடிப்புக் கலையாமல் பையில் போனது.

மூன்றாம் நாள் தரகர் குப்புராஜ் வந்தார். "பொண்ணுக்கு அடக்கம் பத்தலையாம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் வலித்தது, பொய் சொல்வானேன்.

"மாப்ள இன்னா சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அவரு வாயே தொறக்கலம்மா. ஒங்க நைனா வேட்டியக் கட்டிக்கினு காத்தாட குந்திக்கினு இருந்தாரு."