நீலத் தாளின் மடிப்பு

நீலக் கம்பெனியின் கேட்டுக்கு நேரெதிரே மஞ்சள் கம்பெனியின் கேட். நடுவே ஒரு தெரு. இரண்டிலும் சோப்புதான் தயாரானது. சுற்றும் தாளின் நிறத்தை வைத்துத்தான் எல்லோரும் பெயர் சொன்னார்கள். நீலத்து ஆட்கள் மஞ்சள் சோப்பைக் கையால் தொட மாட்டார்கள். மஞ்சள்காரர்களுக்கு நீலம் ஆகாது.

மைனா நீலத்தில் தாள் சுற்றுகிறவள். வாய் ஓயாததால் வந்த பெயர் அது. அவள் தங்கைக்கு மஞ்சளில் அதே வேலை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. கம்பெனிப் பேச்சு எடுத்தால் சண்டையில் முடியும் என்பதால் அதை மட்டும் இருவரும் வாசலிலேயே விட்டுவிட்டு வருவார்கள்.

கூலியை உயர்த்தக் கேட்டபோதெல்லாம் மேனேஜர் ஒரே பாட்டைத்தான் பாடினார். "குடுக்க எனக்கும் ஆசைதான். குடுத்தா சோப்பு விலையை ஏத்தணும். ஏத்தினா எதிர்ல இருக்கறவன் நம்மள முழுங்கிடுவான்."

அந்த வருஷம் கொதிகலன்காரர் அதைத் திருப்பிப் போட்டார். சங்கத்துக்கு அவர்தான் தலைவர். "அந்தப் பயம்தான் நமக்குப் பலம். நாம நிறுத்தினா கடையில நீலம் இருக்காது. அந்த எடத்துல மஞ்சள் வந்து உக்காந்துக்கும். போன எடம் திரும்பாதுன்னு மொதலாளிக்குத் தெரியாதா? அவரே ஓடி வருவார்."

வேலைநிறுத்தம் தொடங்கியது. புகைபோக்கி அடங்கியது. எல்லோரும் கேட் முன்னால் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தார்கள்.

முதலாளி ஓடி வரவில்லை. கடைகளில் நீல சோப்பு குறையவும் இல்லை. பழைய சரக்கு என்றார்கள். ஆனால் எத்தனை நாள்தான் பழைய சரக்கு வரும்? சிலர் ஜன்னலின் உடைந்த கண்ணாடி வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்கள். பெல்ட்டின் மேல் தூசி. உத்தரத்தில் புறாக்கள். ஆள் இல்லை. இருந்தும், தரையில் உட்கார்ந்தவர்களுக்கு அடியில் ஏதோ உறுமுவது உடம்பில் தெரிந்தது. செருப்பைக் கழற்றி நின்றால் உள்ளங்காலில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

கலவைத் தொட்டியில் விழுந்து செத்த ஒருத்தியைப் பற்றிப் பெண்கள் பேசத் தொடங்கினார்கள். "அவளுக்கு ஷிப்ட் இன்னும் முடியலையோ என்னவோ," என்றாள் ஒருத்தி. சிரிக்க ஆரம்பித்தவர்கள் பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் மைனா தீப்பெட்டி வாங்கப் போனாள். கடைக்காரர் அப்போதுதான் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நீல சோப்பு. கையில் எடுத்தாள். கட்டைவிரல் வைத்த இடம் லேசாக அமுங்கியது. வார்த்து இரண்டு நாள்கூட ஆகாத சோப்பு. திருப்பிப் பார்த்தாள். தாளின் கடைசி முனை கிளி மூக்கைப் போல வளைந்து உள்ளே செருகியிருந்தது.

அது அவளுடைய மடிப்பு. நீலத்தில் தாள் சுற்றும் ஹாலில் வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை. அதற்காக அவள் திட்டுகூட வாங்கியிருக்கிறாள். மைனா காசைக் கொடுத்துச் சோப்பை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கேட் முன்னால் உட்கார்ந்திருந்த நாட்களில் தன் கை மட்டும் உள்ளே போய் வேலை செய்துவிட்டு வந்ததா? நடுரோட்டில் நின்று தன் விரல்களைப் பார்த்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது. அம்மா போன பிறகு, தங்கையின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக் கொடுத்தது அவள்தான். அந்த மடிப்பைக் கற்றுக்கொண்டவள் உலகத்தில் ஒருத்திதான்.

சாயங்காலம் தங்கை வந்து வெகுநேரம் கை கழுவினாள். மைனா சோப்பை அவள் முன்னால் வைத்தாள்.

"இது நீ சுத்தினதா?"

தங்கை கையைப் பின்னால் மறைத்தாள். நகக்கண்ணில் நீலம்.

"எங்க கொடவுனுக்குப் பின்னால படி எறங்கினா ஒரு ஹால் இருக்குக்கா. ஜன்னல் கெடையாது. பேசக் கூடாது. வெளிய சொன்னா வேலை போயிடும்னாங்க."

"கடிகாரம் எங்க மாட்டியிருக்கு?"

"தூணுக்கு மேல. கொஞ்சம் சாஞ்சாப்ல."

"மேசை?"

"சுவத்தைப் பாத்து. ஓரத்து ஸ்டூல்ல என்னை உக்கார வெச்சாங்க."

நீலத்து ஹாலிலும் கடிகாரம் அப்படித்தான் சாய்ந்திருக்கும்; மைனா உட்காருவதும் அந்த ஓரத்து ஸ்டூலில்தான்.

"புதுசாக் கட்டினதா?"

"இல்லக்கா. சுவரெல்லாம் பழசு. எப்பவோ தயார் பண்ணி வெச்சிருக்காங்க. உங்க சூப்பர்வைசர்தான் மேல்பார்வை. என்னை மைனான்னு கூப்பிடறார். நான் வாயே தொறக்கறதில்ல. ஆனாலும் மைனான்னுதான் கூப்பிடறார். நேத்து என்னை அறியாமலே 'என்ன'ன்னு திரும்பிட்டேன்."

மறுநாள் காலை மைனா சொன்னதைக் கேட்டுக் கொதிகலன்காரர் விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டின்னு நம்பித்தானே உக்காந்தோம்," என்றார். "ரெண்டு கடைக்கும் கல்லா ஒண்ணுதான் போல. இந்தப் பக்கம் நின்னா அந்தப் பக்கம் ஓடும். அவங்க நின்னிருந்தா நம்மள வெச்சு மஞ்சள் தாள் சுத்தியிருப்பாங்க."

"தங்கச்சி இன்னிக்குச் சுத்த மாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போயிருக்கா," என்றாள் மைனா.

வெயில் ஏறியது. திடீரெனக் காலுக்கடியில் இருந்த உறுமல் நின்றது. அது நின்ற பிறகுதான், எவ்வளவு நாளாக அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று புரிந்தது. புறாக்கள் மொத்தமாக எழுந்து பறந்தன.

மஞ்சள் கேட் திறந்தது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வெளியே வந்தார்கள். வெளிச்சம் தாங்காமல் கண்ணைச் சுருக்கினார்கள். எல்லோர் விரலிலும் நீலம். முன்னால் வந்த தங்கை தெருவைக் கடக்கத் தயங்கி நின்றாள். நீலத்து ஆட்கள் நகர்ந்து விரிப்பில் இடம் விட்டார்கள்.

அந்த வாரமே இரண்டு முதலாளிகளும் பேச வந்தார்கள், ஒரே காரில். இரண்டு கம்பெனியிலும் கூலி உயர்ந்தது. சங்கமும் ஒன்றானது.

மழைக்காலம் முடிவதற்குள் கடைகளில் வெள்ளைத் தாள் சுற்றிய சோப்பு ஒன்று வந்தது. விலை குறைவு. "இவன் நெசமாவே நம்மள முழுங்கிடுவான்," என்றார் மேனேஜர். அவர் முகத்தில் இருந்த பயம் உண்மையா என்று யாருக்கும் தெரியவில்லை.

தாளில் இருந்த முகவரியைத் தேடி அக்காவும் தங்கையும் பஸ் ஏறினார்கள். கடைசி ஸ்டாப்பில் இறங்கி, புல் மண்டிய பாதையில் நடந்தார்கள். போர்டு இல்லாத ஒரு கேட். ஷிப்ட் முடிந்து பெண்கள் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

தங்கை மைனாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "போயிடலாம்க்கா."

"இரு," என்று கையை விடுவித்துக்கொண்ட மைனா, முதலில் வந்தவளின் வழியில் போய் நின்றாள். "ஒரு நிமிஷம் நில்லும்மா. உன்கிட்ட கொஞ்சம் பேசணும்."

அந்தப் பெண் நின்றாள்.