அவள் திரும்பிய பக்கம்

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அப்துல் ஜலீல் நேராக வீட்டுக்குப் போகமாட்டார். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில் இருக்கும் தன் செருப்புக் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பில் போடும் மேஜைக்குப் பின்னால் சாய்ந்துகொண்டு, எதிர்ச் சுவரில் வலது ஓரமாக மாட்டிய டி.வி.யைப் போடுவார். நாலு மணி வரைக்கும் கறுப்பு வெள்ளைப் படம்தான். சோறு ஆறுகிறது என்று கமர் ஜஹான் போனில் சத்தம் போடுவாள். "அந்தப் பொம்பளையவே பாத்துக்கினு இருங்க. வவுறு தானா ரொம்பிடும்" என்பாள். முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்குத் தன் சக்களத்தி யாரென்று நன்றாகத் தெரியும்.

அந்தச் சக்களத்திக்குப் பெயர் கிடையாது, வசனம் கிடையாது, படத்தில் மொத்தம் பதினோரு விநாடிதான் வருவாள். கல்வராயன் மலையில் போய் எடுத்த பழைய படம் அது. திருவிழாக் காட்சியில் மலைப் பெண்கள் வரிசையாகத் தலையில் குடம் சுமந்து ஓடையைக் கடப்பார்கள். ஐந்தாவதாக வருகிறவள் நடு ஓடையில் நின்றுவிடுவாள். குடம் அசையாமல் கழுத்தை மட்டும் திரையின் இடப்பக்கம் திருப்பி எதையோ பார்ப்பாள். முகம் மாறும். பிறகு நேரே பார்த்து நடந்து மறைந்துவிடுவாள். அடுத்த காட்சியில் கதாநாயகி ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருப்பாள். அந்தக் கதாநாயகியின் முகத்தை ஜலீல் இதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை.

ஜலீல் சாதாரண ரசிகர் இல்லை. 'செருப்புக்கடைக்காரனின் சினிமா' என்று வலைப்பூ வைத்திருந்தார். மகளுக்கு வந்த கடிதத்தைப் படிக்கும் முன் ஒரு கிழட்டு நடிகர் மூக்குக் கண்ணாடியை இரண்டு முறை துடைப்பதைப் பற்றி மட்டும் மூன்று பக்கம் எழுதியவர். அழுகிற காட்சியில் முதுகை மட்டும் காட்டி நின்ற ஒரு நகைச்சுவை நடிகருக்காக முகம் தெரியாத நாலு பேரோடு சண்டை போட்டவர். ஆனால் அதிகமாக எழுதியது இந்தப் பெயரில்லாதவளைப் பற்றித்தான், ஒன்பது கட்டுரை. 'இடப்பக்கம் அவள் எதைப் பார்த்தாள் என்று படம் கடைசிவரை காட்டுவதில்லை. இமை தாழவில்லை. உதடு பிரிகிறது, சத்தம் வரவில்லை. பயத்தை இவ்வளவு சுத்தமாக நடித்தவரை நான் பார்த்ததில்லை' என்று எழுதியிருந்தார். படித்தவர்கள் கைதட்டும் பொம்மை போட்டார்கள்.

போன வாரம் குமார் என்று ஒரு பையன் போனில் பேசினான். சின்னசேலத்தில் ஒரு மில்லில் வேலை பார்ப்பவன், கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கத்து ஊர்க்காரன். ஜலீல் எழுதியதைத் தன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினானாம். குடம் சுமந்து வருவது அப்பாவின் அம்மாவாம். அப்பா நேரில் வந்து பார்க்க வேண்டும் என்கிறார் என்றான். ஜலீலுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. இத்தனை வருஷம் தேடிய நடிகைக்கு ஒரு பிள்ளை இருக்கிறான், பஸ் ஏறி வருகிறான்!

அந்த வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தவருக்கு ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். ஆண்டி என்று பெயர் சொன்னார். மஞ்சள் பையில் சாமை அரிசி கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வாடிக்கையாளர்கள் செருப்புப் போட்டுப் பார்க்கும் ஸ்டூல் டி.வி.க்கு வலப்பக்கம் கிடந்தது. அதன் விளிம்பில் உட்கார்ந்தார்.

"உங்கம்மா பேரு இன்னாங்க?" ஜலீல் முதலில் கேட்டது அதைத்தான்.

"சாமியம்மாள்."

ஜலீல் அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். "பெரிய நடிகைங்க உங்கம்மா. நான் சும்மா சொல்லல."

"நடிகையெல்லாம் இல்ல பாய்" என்றார் ஆண்டி. "கூலிக்குக் கூப்புட்டாங்க, போச்சு. எங்கூருல சாமிக்குத் தண்ணி மொண்டுக்கினு வர்ற பொம்பள கோயிலு வர்ற வரைக்கும் திரும்பிப் பாக்கக் கூடாது. சினிமான்னாலும் கொடம் கொடந்தானே. அது திரும்பிடுச்சி. தை மாசம் காச்சல் வந்து செத்துப்போச்சு. அந்த வருசம் மழையும் இல்ல."

ஜலீல் டி.வி.யின் ரிமோட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு அப்ப ஆறு மாசம். எங்க சின்னம்மா என்னத் தூக்கிவெச்சிக்கினு படம் புடிக்கிறவங்களுக்கு வலக்கைப் பக்கம் நாவ மரத்தடியில ஒக்காந்திருந்துச்சாம். நான் வீல்னு அழுதேனாம். அதனாலதான் திரும்புச்சின்னு ஊரே சொல்லும். 'திரும்ப வெச்சவன்'னுதான் என்னக் கூப்புடுவாங்க. இன்னிக்கும் திருவிழாத் தண்ணி வர்றப்ப நான் வூட்டுக்குள்ள போய்டுவேன். யாரும் போவச் சொல்றதில்ல, நானேதான்." ஆண்டி உள்ளங்கையைத் தொடையில் தேய்த்தார். "நீங்க எழுதனத பையன் படிச்சான். இடப்பக்கம் திரும்புச்சின்னு எழுதிக்கிறீங்க. மெய்யாலுமா பாய்? நான் இருந்தது வலப்பக்கம்."

அப்போதுதான் ஜலீலுக்கு அவர் எதற்காக வந்திருக்கிறார் என்பது புரிந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்க மட்டும் வரவில்லை. அவளைக் கொன்றது தான் இல்லை என்று கண்ணால் பார்க்க வந்திருக்கிறார். சொல்ல வெட்கமாக இருந்தாலும், ஜலீலுக்கு ஒரு பெருமை வந்தது. தான் உட்கார்ந்து உட்கார்ந்து பார்த்தது ஒரு மனுஷனின் பாரத்தை இறக்கப் போகிறது.

"இருநூறு தபா பாத்திருப்பேங்க. இடப்பக்கந்தான். என் புள்ள மேல சத்தியமா இடப்பக்கம். நீங்களே பாருங்க."

படத்தை அந்த இடத்துக்கு நகர்த்தினார். நாதஸ்வரம் ஓய்ந்தது. ஓடைத் தண்ணீரின் சத்தம் கடைக்குள் நிறைந்தது. முதல் பெண் போனாள், இரண்டாமவள் போனாள். ஜலீல் திரையைப் பார்க்காமல் ஆண்டியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது பெண்ணும் போனதும் வழக்கம்போல் அவர் கண் திரைக்குப் போனது. சாமியம்மாள் வந்தாள். நடு ஓடையில் நின்றாள். கழுத்தை மெதுவாகத் திருப்பினாள்.

வலப்பக்கம்.

ஜலீலின் கையிலிருந்த ரிமோட் மேஜையில் விழுந்தது. திரையில் அவள் வலப்பக்கம், ஆண்டி உட்கார்ந்திருந்த ஸ்டூலை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் எங்கே போனது? தூளியில் பிள்ளை முழித்துக்கொண்டதா என்று வேலைக்கு நடுவே எட்டிப் பார்க்கிறவளின் முகம் அது. கன்னத்தில் குழி விழுவது இத்தனை வருஷத்தில் ஜலீலுக்குத் தெரியவே தெரியாது. பிறகு நேரே பார்த்து நடந்து மறைந்தாள். ஊஞ்சல் வந்தது.

ஆண்டி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தார். பிள்ளைமேல் செய்த சத்தியம் ஜலீலின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. "ஏதோ தப்புங்க. படம் மாத்தி ஓடுது போல. இருங்க, இன்னொரு தபா போடறேன்" என்று ரிமோட்டைத் தேடினார்.

"வேணாம் பாய்." ஆண்டி எழுந்துவிட்டார். "ஒரு தபா திரும்புனதுக்கே எவ்ளோ பேச்சு வாங்குச்சி. இன்னொரு தபா எதுக்குத் திரும்ப வெக்கணும்? என்னத்தான் பாத்திருக்குது. பாத்துச் சிரிச்சிருக்குது. அத யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லயே." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, வந்த மாதிரியே குனிந்து வெளியே போனார். மஞ்சள் பை மேஜைமேலேயே இருந்தது.

ஜலீல் ஷட்டரை முழுசாக இறக்கினார். படத்தைப் பின்னுக்கு ஓட்டி மறுபடி போட்டார். சாமியம்மாள் வந்தாள், நின்றாள், திரும்பினாள். இடப்பக்கம். அதே பயம், அதே பிரிந்த உதடு. மறுபடி போட்டார். இடப்பக்கம். ஏழு தடவை போட்டார், ஏழு தடவையும் இடப்பக்கம். அவர் எழுதிய ஒன்பது கட்டுரையிலும் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஒரு விஷயம் உறைத்தது. இடப்பக்கம் என்றால் ஆண்டிமேல் பழி இல்லை. அதை அந்த மனுஷனுக்குச் சொல்லியாக வேண்டும். குமாரிடம் வாங்கி வைத்திருந்த ஆண்டியின் நம்பருக்குப் போன் போட்டார். பஸ் கச்சிராயபாளையம் தாண்டிவிட்டது போலிருந்தது, குரல் விட்டுவிட்டு வந்தது.

"ஆண்டி, நான் ஜலீல் பேசறேன். இடப்பக்கந்தாங்க திரும்புது. இப்ப ஏழு தபா பாத்துட்டேன். உங்களால இல்ல. நீங்க அழுததுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

பஸ் கியர் மாற்றும் சத்தத்துக்கு மேல் ஆண்டி பேசினார். இத்தனை நேரமும் இல்லாத ஒரு நிதானம் அந்தக் குரலில் இருந்தது.

"இருக்கட்டும் பாய். என்னாலன்னே இருக்கட்டும். எனக்கு அதுதான் வேணும்."

"இல்லீங்க, நான் இன்னா சொல்றன்னா..."

"உங்களப் பாத்தும் சிரிக்குதா பாய்?" என்று கேட்டார் ஆண்டி. கேலி எதுவும் இல்லை. ஒரு பிள்ளை தன் அம்மாவைப் பற்றி ஆசையாகக் கேட்கும் கேள்விதான். பதில் சொல்வதற்குள் மலைப்பாதை வளைந்து சிக்னல் போய்விட்டது.

ஜலீல் போனைக் கீழே வைத்தார். பில் போடும் மேஜை டி.வி.க்கு இடப்பக்கம்தான் இருந்தது. கடை வைத்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது. வீட்டிலும் அவருடைய நாற்காலி ஜன்னலோரம், இடப்பக்கம். காற்று வரும் என்று பழகிய இடம். சின்ன வயதில் இந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது டெண்டுக் கொட்டகையில் ஆண்கள் உட்கார்ந்த மணல் எந்தப் பக்கம் இருந்தது? ஞாபகம் வந்தது, இடப்பக்கம். வந்திருக்கவே வேண்டாம்.

அப்படியென்றால் அந்தப் பயம் நடிப்பு இல்லை. வேலையாகத் தண்ணீர் சுமந்து போகிற ஒரு பெண்ணை யாரோ ஒரு ஆண் விடாமல் பார்க்கிறான். அவள் நின்று திரும்பி, யார் அது என்று பார்க்கிறாள். பயப்படுகிறாள். மறுபடி கூப்பிடுகிறான், மறுபடி திரும்புகிறாள். இருநூறு தடவை. அதை அவர் கலை என்று எழுதி ஊருக்கெல்லாம் காட்டியிருந்தார். அவமானத்தில் அவருக்குக் காது சுட்டது. இவ்வளவு காலம் தான் ரசித்ததாக நினைத்துக்கொண்டிருந்தது தன் முகத்தைப் பார்த்து ஒருத்தி அரண்டுபோவதைத்தான்.

எழுந்து சுவரோரமாக நடந்து போய் ஆண்டி உட்கார்ந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். இங்கே உட்கார்ந்தால் என்ன செய்வாள் என்று தெரிந்துகொள்ள ஆசையாகவும் இருந்தது, நடுக்கமாகவும் இருந்தது. படத்தைப் போட்டார். நாதஸ்வரம் ஓய்ந்தது. நாலு பெண்களும் போனார்கள். சாமியம்மாள் ஓடையில் இறங்கினாள். நடுவில் வந்து நின்றாள். கழுத்து நரம்பு அசைந்தது.

"வேணாம்மா. திரும்பாத. நீ போ" என்றார் ஜலீல் வாய்விட்டு. நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

படம் நின்றது. ஓடை நின்றது, பின்னால் மரத்தின் இலைகள் நின்றன, சத்தம் நின்றது. சாமியம்மாள் நேரே கோயில் இருக்கும் திசையைப் பார்த்தபடி நின்றாள். வெளியே நாலு மணி வெயிலில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஜலீல் ரிமோட்டைத் தரையில் வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். அசையாத அந்தப் படத்தில், அவள் தலைமேலிருந்த குடத்தின் விளிம்பில் மட்டும், தண்ணீர் ததும்பிக்கொண்டே இருந்தது.