பிடுங்கிய வயர்

கிட்டாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் பெட்டியைப் பழுதுபார்க்கும் மேசைமேல் ஏற்றி வைத்த பிறகும் அண்ணன் அதன் கைப்பிடியை விடவில்லை.

"விடுங்க சார், ஓடிடாது," என்றார் மெக்கானிக். ஒருமுறை மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் ஒன்று அவரை நாற்காலியோடு சாய்த்துவிட்டதால், தெருவில் அவருக்கு 'ஷாக்' என்பதே பெயராக நிலைத்திருந்தது. அன்றுமுதல், உள்ளே தேங்கிய மின்சாரத்தை முற்றும் வடித்த பின்னரே எந்தப் பெட்டியிலும் விரல் வைப்பார்.

ஆம்ப் தம்பியுடையது. ஒரு மாலை அவன் வாசித்துக்கொண்டிருக்கையிலேயே அது ஊமையாகிக் கருகல் வாடை வீசியது. மறுநாள் குழுவோடு மேடையேற வேண்டியவன், "என் கையாலேயே கெடுத்துட்டேன்" என்று வீட்டிலேயே முடங்கினான். அதன்பின் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. பெட்டி உயிர்பெற்றால் தம்பியின் விரல்களும் உயிர்பெறும் என்று அண்ணன் நம்பினான். வேறெதுவும் பேசாமலே அது நடந்தேற வேண்டும் என்பதே அவன் வேண்டுதலாக இருந்தது.

ஷாக் முதலில் பியூஸை மாற்றினார், பிறகு குமிழ்விளக்கு போன்ற கண்ணாடி வால்வுகளை மாற்றினார். அவை அந்திச் செம்மையோடு ஒளிர்ந்தன, ஓசைதான் பிறக்கவில்லை. மின்சாரத்தைத் துண்டித்து டிரான்ஸ்பார்மரில் மீட்டரை வைத்தார். முள் அசையவில்லை; உள்ளே கம்பிச்சுருள் எரிந்து அறுந்திருந்தது. வால்வு பொருந்தும் குழியில் எறும்பு ஊர்ந்த தடம்போல் ஒரு கரிக்கோடு தெரிந்தது.

"இது வயசாகிச் சாகலை சார். வால்வு ஆம்புக்கு ஸ்பீக்கர்தான் வடிகால். அதைக் கழட்டிட்டு வாசிச்சா, போக வழியில்லாத மின்சாரம் உள்ளேயே பாஞ்சு சுட்டுடும். தம்பி ஸ்பீக்கரைக் கழட்டினாரா?"

அண்ணன் கைப்பிடியை விட்டான்.

"நான்தான் பிடுங்கினேன். என் பொண்ணுக்குக் காய்ச்சல், அப்பதான் கண்ணசந்தா. சத்தத்தைக் குறைடான்னேன். 'இதோண்ணா'ன்னான், குறைக்கலை. சுவிட்சை அணைச்சா சண்டைக்கு வருவான். அதான் பின்னால போய் ஸ்பீக்கர் வயரை மட்டும் மெல்ல உருவினேன். லைட் எரியுது, சத்தம் மட்டும் இல்லை. முழிச்சான் பாருங்க! எனக்குச் சிரிப்பு தாங்கலை."

"அவர் என்ன பண்ணினார்?"

"சத்தத்தை முழுசாக் கூட்டி ஓங்கி ஓங்கி மீட்டினான். வாடை வந்ததும் வயரைச் சொருகிட்டேன். அவன் பார்க்கலை."

"சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான்னு சொல்வாங்க. நீங்க ஊதின சங்கை அடைச்சுக் கெடுத்திருக்கீங்க."

சுவிட்சை அணைத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். சண்டைக்கு அஞ்சி மென்மையைத் தேர்ந்த கையே பெட்டியைச் சுட்டுவிட்டது.

"பழசாயிடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடுங்களேன்."

"பெட்டியைப் பத்தி நான் பொய் சொல்றதில்லை. நீங்க சொல்லுங்க. சொல்லலைன்னா நான் பேசாம இருக்கேன், அவ்வளவுதான்."

புது டிரான்ஸ்பார்மர் பொருத்தி முடிந்த அன்று, அண்ணன் தம்பியை ஏறக்குறைய இழுத்துக்கொண்டுதான் வந்தான். தம்பி கைகளைப் பின்னால் கட்டியபடி, பிறர் பொருளைப் பார்ப்பவன்போல் ஆம்பைப் பார்த்தான்.

"இனிமே என்ன செய்யக் கூடாதுன்னு சொல்லுங்க சார். சத்தத்தைக் கூட்டினதுதானே என் தப்பு?"

ஷாக் திருப்புளியைத் துடைக்கத் தொடங்கினார். துடைத்ததையே மீண்டும் துடைத்தார்.

"டேய்," என்றான் அண்ணன். "வயரை உருவினது நான்தான்டா."

தம்பி கத்தவில்லை. கத்தியிருந்தால் அண்ணனுக்கு எளிதாக இருந்திருக்கும்.

"நான் தடுமாறினப்போ அங்கேயேவா நின்னே?"

"ஆமா."

"சிரிச்சியா?"

"சிரிச்சேன்டா. இப்படி ஆகும்னு தெரியாது."

"அது சரி, தெரியாது. மறுநாள் போகாம கிடந்தேனே, அப்பவாவது சொல்லியிருக்கலாமே அண்ணா? குழுவுல வேற ஆளைச் சேர்த்துட்டாங்க. என் கையை நானே பார்க்கப் பிடிக்காம இருந்தேன்."

சொல்லத் துணிந்த சொல் வந்து சேர்ந்தபோது, அது காக்க வேண்டியது கடந்துபோயிருந்தது.

சுவரில் மாட்டியிருந்த கடைக் கிட்டாரைத் தம்பி எடுத்தான். ஷாக் ஸ்பீக்கர் வயரை விரலால் அழுத்திப் பார்த்துத் தலையசைத்தார்.

"நீ வெளியே நில்லுண்ணா," என்றான் தம்பி.

கதவு மூடிற்று. முதலில் வந்த நரம்பொலி தடுமாறியது; பின் தன்னைத் தேடிக்கண்டதுபோல் ஓங்கியது. இடையில் ஒருமுறை ஓசை அறுந்து நின்றபோது அண்ணன் பதறிக் கதவை நோக்கித் திரும்பினான். உள்ளே பிழையா, அழுகையா என்று அறிய வழியில்லை. கதவைத் தட்ட அவனுக்குக் கை எழவில்லை.